பால்குடாவில் யாரும் மூழ்கியதில்லை

கதை சொல்லியே ஒரு பெண் நேரத்தை வீணாக்குகிறாள் என்று விசாரிக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பினார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அனுப்பத்தான் செய்தார்கள். அதிகாரியின் பெயர் பூமிநாதன். சுற்றுலாத் துறையில் ஆய்வாளர், வயது முப்பத்தொன்பது. ஒழுங்கான ஆள்தான், என்ன, படகைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அவனைப் பிடித்துக் கடலுக்கு அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் நம் அலுவலகங்களின் லட்சணம்.

அந்தப் பெண்ணின் பெயர் முத்துராக்கு. ராமநாதபுரத்துக் கரையில் ஏழுதீவு என்ற உல்லாசக் கடற்கரை உருவானதிலிருந்து அங்கே ஒருநாள் சுற்றுலாவுக்கு வழிகாட்டி. பதினோரு வருஷ அனுபவம். பயணிகள் அவளைப் பற்றி எழுதியதெல்லாம் புகழ்ச்சிதான், ஒன்றைத் தவிர. பால்குடா என்ற இடத்தில் குளிக்க விடாமல் உட்காரவைத்துக் கதை அளக்கிறாள். நேற்று வந்தவர்களை நேரே குளிக்க விட்டாளாம், எங்களை ஐம்பது நிமிஷம் உட்காரவைத்தாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். குளித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுக் கரையேற்றிக் கதை சொன்னாள், இது என்ன அநியாயம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எழுபத்தாறு புகார்கள்.

இதற்கு நடுவில் மெய்விளக்கு என்று ஒன்று இருக்கிறது. வழிகாட்டிகள் வாய்க்கு வந்ததைப் புளுகுகிறார்கள் என்று ஊரெல்லாம் கூச்சல் கிளம்பி, ஒன்பது வருஷம் முன்பு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற ஒவ்வொரு வழிகாட்டியும் சட்டைக் காலரில் பொத்தான் அளவு விளக்கு ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டும். பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அது அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பதிவில் உள்ளது என்றால் பச்சை. இல்லாதது என்றால் சிவப்பு. முன்கூட்டியே "கதை" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தால் நீலம், அப்போது என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். மூன்று சிவப்பு விழுந்தால் உரிமம் தானாகவே போய்விடும், மேல்முறையீடு கிடையாது. முத்துராக்குக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. 'பயணிகளை வீணாகப் பயமுறுத்தியது' என்று கோப்பில் இரண்டு முறையும் ஒரே காரணம்.

கோப்பைப் படித்துவிட்டுத்தான் பூமிநாதன் சாதாரணப் பயணி மாதிரி வரிசையில் நின்றான். அவனுக்கும் ஒரு விளக்கு உண்டு. துறை அதிகாரிகளும் பொய் சொல்லக் கூடாதல்லவா? அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் பதினான்கு பேர். முத்துராக்கு நாற்பத்தைந்து வயதுக்காரி, கருத்த உறுதியான தேகம், கடல் உப்பில் வெளுத்த புருவம். காலரில் இருந்த விளக்கைத் தட்டிக் காட்டினாள்.

"இது பச்சையா எரிஞ்சா நம்புங்க. நீலமா எரிஞ்சா ரசிங்க. செவப்பு எப்படி எரியும்னு காட்டச் சொல்லாதீக, எங்கிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பூமிநாதனும் சிரித்தான். இவளுடைய பிழைப்பு அந்த ஒற்றைச் சிவப்பில் தொங்குகிறது என்று அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைய காலை அபாரம். கண்ணாடி அடித்தளம் போட்ட படகு சத்தமே இல்லாமல் போனது. கீழே பவளம். ஒருகாலத்தில் செத்து வெளுத்துப்போன திட்டுகளில் ஆய்வுக்கூடத்து விதை போட்டு வளர்த்த புதுப் பவளம், மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. எந்த வருஷம் எந்தத் திட்டில் எத்தனை விதை போட்டார்கள், எத்தனை பிழைத்தன என்று முத்துராக்கு தாள் பார்க்காமல் சொன்னாள். விளக்கு பச்சையை விட்டு அசையவில்லை.

கடற்புல் மேட்டுக்கு வந்ததும் படகை நிறுத்தச் சொல்லி உதட்டில் விரல் வைத்தாள். கீழே இரண்டு ஆவுளியா, தாயும் குட்டியும், புல் மேய்ந்துகொண்டிருந்தன. கடல்பசு என்று புத்தகத்தில் படித்திருந்தான் பூமிநாதன். பசு என்றால் பசுவேதான், அப்படி ஒரு சாவகாசம். தாய் மேலே வந்து மூக்கைத் திறந்து மூச்சு விட்டபோது படகில் இருந்த பதினான்கு பேரும் கூடவே மூச்சு விட்டார்கள். வயிற்றைக் கலக்கியதே அவனுக்கு மறந்துபோனது. நாற்பது வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாத பிராணி திரும்பி வந்திருக்கிறது, மனிதர்கள் எப்போதாவது ஒரு நல்ல காரியமும் செய்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, முதல் பாதிக்கு விளக்கு பச்சையாக எரிந்தது. இரண்டாம் பாதிக்கு என்ன நிறம் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் துடித்தது.

பயணிகளில் கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதி ஒன்று இருந்தது. மாப்பிள்ளை கௌசிக் நீச்சலில் பரிசு வாங்கியவனாம், புறப்பட்டதிலிருந்தே பால்குடா எப்போது வரும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஏழுதீவு விளம்பரம் முழுக்கப் பால்குடா படம்தான் போட்டிருக்கும். மூன்று பக்கமும் பவளச் சுவர், உள்ளே அலையே இல்லாத வெளிர்நீலத் தண்ணீர். அந்த இடத்துக்குப் போவது ஒரே படகு, ஒரே வழிகாட்டி. பதினொன்றுக்குப் போய் ஒரு மணிக்குக் கிளம்பும்.

போகிற வழியில் பூமிநாதன் படகோட்டியிடம் பேச்சுக்கொடுத்து, இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டான். பதினோரு மணிக்கு வத்தம் சார், தண்ணி எறங்குற நேரம் என்றான் அவன்.

பால்குடாவில் இறங்கினார்கள். படத்தில் பார்த்ததைவிட அழகு. ஊற்றி வைத்த பால் மாதிரித் தண்ணீர் கிடந்தது. மணலில் ஓலைக் கொட்டகை, ஆளுக்கொரு இளநீர். கௌசிக் சட்டையைக் கழற்றத் தொடங்கியபோதே முத்துராக்கு கைதட்டினாள்.

"கதை," என்றாள். விளக்கு நீலமானது.

இந்த ஏழு தீவும் ஏழு அண்ணன் தம்பிகளாம். கடலுக்குப் பெண் கேட்டு ஊர் ஊராகப் போனார்களாம். மாப்பிள்ளை உப்புக் கரிக்கிறாராமே என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம், ராத்திரியும் பகலும் இரைகிறாராமே என்று இன்னொரு வீட்டில் கேட்டார்களாம். மூத்தவன் மழுப்பிய மழுப்பலை அவள் நடித்துக் காட்டினாள் பாருங்கள், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பூமிநாதனும் சிரித்தான். பிறகுதான் அதைக் கவனித்தான். சிரிக்கிறவர்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீரின் மேல் இருந்தது. குடாவின் வாய்ப்பக்கம் மெல்லிசாக ஒரு நுரைக்கோடு விழுந்திருந்தது, அதைப் பார்த்தபடியே அவள் இரண்டாம் அண்ணனுக்குப் போனாள்.

பையில் இருந்த கோப்பைத் திறந்தான். எந்தத் தேதியில் எத்தனை நிமிஷம் கதை சொன்னாள் என்று பயணிகள் எழுதியதையெல்லாம் வைத்து அவனே ஒரு பட்டியல் போட்டிருந்தான். ஒருநாள் ஐம்பத்திரண்டு, ஒருநாள் இருபத்தெட்டு, பல நாள் கதையே இல்லை. அவளுடைய மனம்போன போக்கு என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். போனில் கடல் ஏற்ற வற்ற அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். வற்றம் அதிகமான நாளில் கதை நீளம். வற்றம் குறைந்த நாளில் கதை சுருக்கம். படகு வந்து போகும் நேரத்தில் வற்றமே இல்லாத நாளில் கதை இல்லை. பட்டியலில் இருந்த எல்லாத் தேதியும் பொருந்தியது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இத்தனை வருஷமாக இவள் கதை சொல்லவில்லை, ஆட்களைக் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அடி ஆத்தா, என்ன மனுஷி இவள் என்று நினைத்தான். எழுந்துபோய்க் காலில் விழலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதற்குள் கௌசிக் எழுந்துவிட்டான். "அக்கா, நீங்க பாட்டுக்குச் சொல்லீட்டிருங்க. நான் ஒரு முங்கு போட்டுட்டு வந்தர்றேன்."

நாலாம் அண்ணன் கதையில்தான் வேடிக்கையே இருக்கிறது என்று அவள் இழுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை இல்லாமல் பெண்வீட்டு விருந்தா என்று கேலி செய்து பார்த்தாள். அவன் கை காட்டிவிட்டு நடந்தான். மனைவி வேறு சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். கணுக்கால் வரை இறங்கிவிட்டான்.

முத்துராக்கு கதையை நிறுத்தினாள். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை என்று பூமிநாதன் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லுவான்.

"இது கதை இல்ல தம்பி, போகாதீக. இப்ப எறங்குனா வாய்வழியா வெளிய இழுத்துட்டுப் போயிரும். நீச்சல் ஒதவாது."

நீலம் அணைந்து சிவப்பு எரிந்தது. பொத்தானிலிருந்து ஒரு நிதானமான குரல், பதிவில் இல்லை என்றது. மூன்றாவது முறை, உரிமம் முடிந்தது என்றது. அத்தோடு விளக்கே அணைந்துவிட்டது. பதினோரு வருஷ வேலை, ஒரு மூச்சில் போனது.

கௌசிக் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "செவப்புங்க்கா! வெளக்கே சொல்லுதுல்ல?" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு எட்டு உள்ளே போனான். முழங்கால் அளவு தண்ணீர். கூட்டத்தில் இருந்தவர்களும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். காலையிலிருந்து ஆவுளியாவைக் காட்டியவள், சிரிக்க வைத்தவள், ஒரு சிவப்பு விழுந்ததும் புளுகியாகிவிட்டாள்.

பூமிநாதன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்த விளக்கை வெளியே எடுத்தான். கடல் ஆபத்து என்று அவன் சொன்னாலும் சிவப்புத்தான் எரியும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் ஆய்வுக்குப் போகிற அதிகாரிக்கு ஒரே ஒரு அதிகாரம் உண்டு. ஆய்வு நடக்கிற இடத்தை ஒரு மணி நேரம் மூடி வைக்கலாம். அதிகாரி வாயால் சொன்ன உடனே அந்த உத்தரவு பதிவேட்டில் ஏறிவிடும்.

"நான் சுற்றுலாத் துறை ஆய்வாளர். ஆய்வுக்காக இந்தக் கரையை இப்போதிருந்து ஒரு மணி நேரம் மூடுறேன். தண்ணியில யாரும் இருக்கக் கூடாது."

விளக்கு பச்சை. கௌசிக் அந்தப் பச்சையைப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், திரும்பி வந்தான். திரும்பும்போது இரண்டு முறை தடுமாறினான். மணல் வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டான்.

கரையேறியதும் முணுமுணுப்பு ஆரம்பித்தது. தண்ணீர் அப்படியே அசையாமல் கிடக்கிறதே, இதில் என்ன ஆய்வு என்று ஒருவர் கேட்டார். முத்துராக்கு குடித்துப் போட்டிருந்த இளநீர்க் கூடு ஒன்றை எடுத்தாள், கௌசிக் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வீசினாள். அது விழுந்த இடத்தில் ஒரு கணம் ஆடியது. பிறகு கிளம்பியது. முதலில் நடை, பிறகு ஓட்டம். நுரைக்கோட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு குடாவின் வாயைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போனது. முப்பது எண்ணுவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

கௌசிக்கின் மனைவி போனைக் கீழே வைத்தாள். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு பூமிநாதன் அவளிடம் வந்து உட்கார்ந்தான். அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். பவளம் நன்றாக வளர்ந்துவிட்டது, அதுதான் வம்பு. மூன்று பக்கமும் சுவர் எழுந்த பிறகு உள்ளே ஏறின தண்ணீர் இறங்க ஒரே வாய். தொட்டியில் அடைப்பானைப் பிடுங்கினால் எப்படியோ அப்படி. அடியில் ஓடுவதால் மேலே தெரியாது. நீரோட்டம் அளக்கிற அரசு மிதவையை வாயிலிருந்து எட்டப் போட்டிருக்கிறார்கள். அவள் அந்தக் காலத்தில் இங்கே முங்கிக் கடல்பாசி எடுத்தவள். கூட எடுத்த மங்களேசுவரியை இந்த வாய்தான் கொண்டுபோனது. உல்லாசக் கடற்கரை திறப்பதற்கு ஏழு மாதம் முன்னால், அதனால் அது பதிவில் இல்லை.

"மனு குடுக்கலையா?"

"மூணு மனு குடுத்தேன் சார். கடற்கரை தெறந்த பெறகு இங்கன யாராச்சும் மூழ்கியிருக்காகளான்னு கேக்குறாக. இல்லைன்னேன். அப்ப என்ன பிரச்சினைங்கிறாக." அவள் மணலைக் கையால் தள்ளினாள். "எறங்க விட்டாத்தானே சார் மூழ்குவாக?"

பூமிநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் நன்றாக வேலை செய்ததால்தான் இவள் சொன்னது பொய்யாகிவிட்டது. ஓர் ஆளைச் சாக விட்டிருந்தால் இவள் காலரில் பச்சை எரிந்திருக்கும். அந்த விளக்கை அவன் ஒன்பது வருஷமாகப் பெருமையோடு மாட்டிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேலை போனதைப் பற்றி ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை.

"வேலை போனாப் போகுது சார், பாசி எடுத்துப் பொழச்சுக்கிருவேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குத் தண்ணி எறங்கும். அந்நேரம் பதினாலு பேரு உள்ள நிப்பாக. எனக்குப் பதிலா, பேசுற பெட்டியத்தானே படகுல வைப்பாக? அது பச்சையா எரிஞ்சுக்கிட்டு, இங்க யாரும் மூழ்குனதில்லைன்னு சொல்லும். யாரு சார் கரையேத்துறது?"

திரும்பும் வழியில் பூமிநாதன் படகின் பின்பக்கம் தனியாக உட்கார்ந்து அறிக்கையை விளக்கிடம் சொல்லத் தொடங்கினான். பால்குடா ஆபத்தான இடம் என்றான். சிவப்பு. முத்துராக்கு சொன்னது உண்மை என்றான். சிவப்பு. அதிகாரிக்கும் கணக்கு மூன்றுதான். பிறகு, ஆய்வு இன்னும் முடியவில்லை, நாளையும் தொடரும் என்றான். பச்சை. அரசாங்க உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய உண்மை ஏது?

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்காகக் கரை மூடப்பட்டது. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டே முக்காலுக்கு. ஆய்வாளருக்குத் துணையாள் ஒருவரைக் கூட்டிவரச் சலுகை உண்டு, அந்தத் துணையாள் முத்துராக்கு. அவளிடம் உரிமம் இல்லை, ஆகவே விளக்கும் இல்லை, ஆகவே என்ன பேசினாலும் கேட்பாரில்லை. தண்ணீரைப் பார்த்து அவள் தலையசைப்பாள், அவன் கரையை மூடுவான். எரிச்சலோடு உட்காருகிறவர்களுக்கு அவள் ஏழு அண்ணன் கதையை எடுத்து விடுவாள். பச்சைக்காக உட்கார்ந்தவர்கள் கதைக்காகவே மறுபடியும் வந்தார்கள். துறையிடம் நீரோட்டம் அளக்கிற கருவி ஒன்று கேட்டு அவன் எழுதினான். கடல் இளநீர்க் கூட்டை இழுத்துச் சென்ற படத்தைக் கௌசிக்கின் மனைவி அனுப்பியிருந்தாள், அதையும் சேர்த்தான். இளநீர்க் கூடு சுற்றுலாப் பயணி அல்ல என்று பதில் வந்தது. ஆய்வு முடியாத அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடையாது, மாறுதல் கிடையாது. மதுரையில் வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் குடும்பத்தோடு ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டான். வயிறு மட்டும் இன்னும் கலக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் அவனுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து முத்துராக்குக்குப் படித்துக் காட்டினான். பால்குடாவில் பதின்மூன்று ஆண்டுகளாக யாரும் மூழ்கியதில்லை. பேசும் பெட்டி வந்த பிறகும் ஒரு விபத்துகூட இல்லாததால், அந்தப் பெட்டிக்கு இந்த ஆண்டின் பாதுகாப்புக் கேடயம் வழங்கப்பட்டுள்ளது. ஆகவே இங்கே ஆய்வைத் தொடர வேண்டியதற்கான காரணத்தை முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும்.

முத்துராக்கு இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தான்.

"அப்ப ஒரு ஆளு சாகணும்ங்கிறாகளா சார்?"

அவன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் காரணத்த மட்டும் நாம குடுக்கப் போறதில்ல."

நுரைக்கோடு விழ ஆரம்பித்திருந்தது. பூமிநாதன் எழுந்து கரையை மூடினான்.